மணற்பாறையில் பதிந்த அட்டமியும் அமாவாசையும்

“அரியலூரில் சிப்பி கிடைக்கிறது, அதனால் அங்கே கடல் இருந்தது என்கிறீர்கள். சரி. சிப்பியே இல்லாத வெறும் மணற்பாறையைப் பார்த்து, இது ஆற்று மணல், இது கடல் மணல் என்று எப்படிப் பிரிக்கிறீர்கள்?” வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

உண்மையில் சிப்பியை மட்டும் நம்புவதுதான் ஆபத்து. ஆறு ஒரு பழைய கடல்படிவை அரித்தால், அதிலிருந்த சிப்பிகளை உருட்டிக்கொண்டுபோய்ப் புதிய படிவில் சேர்த்துவிடும். தாதுக்களும் ஏமாற்றும். பெரம்பலூர் மாவட்டம் காரை கிராமத்தருகே உள்ள களிப்பாறை மேடுகளில் ஜிப்சம் நிறையக் கிடக்கிறது. உப்புநீர் வற்றும்போது படியும் தாது அது; ஆகவே ஜிப்சம் என்றதும் வற்றிப்போன உப்பங்கழி என்று எழுதத் தோன்றும். ஆனால் அங்கே அது நார்நாராக, அடுக்குகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடுகிறது. களி படிந்து நெடுங்காலம் கழித்து வெடிப்புகளில் வளர்ந்தது அது. அதே களியில் பெலெம்னைட், அம்மோனைட் என்ற அழிந்துபோன கடல் உயிரிகளின் புதைபடிவங்கள் கிடைப்பதால், சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அது திறந்த கடலின் அடித்தளம் என்று தெரிகிறது.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது படிந்த விதத்தை. பாறை முகப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து, அடியிலிருந்து மேல்நோக்கி நாடா பிடித்து, ஒவ்வொரு அடுக்கின் தடிமன், பருக்கை அளவு, உள்வரிகள் (அடுக்குக்குள் தெரியும் மெல்லிய கோடுகள்), மேல்கீழ் எல்லை திடீரென்று மாறுகிறதா மெல்ல மாறுகிறதா என்பதைக் குறிக்க வேண்டும். 10 மடங்கு கைலென்ஸ் போதும். 2 மி.மீ.க்கு மேல் சரளை, அதிலிருந்து 0.063 மி.மீ. வரை மணல், 0.004 மி.மீ. வரை நுண்வண்டல், அதற்கும் கீழே களி. கடைசி இரண்டும் லென்ஸில் பிரியாது; துளி எடுத்துப் பல்லிடுக்கில் கடித்தால் வண்டல் நறநறக்கும், களி வழவழக்கும். சுண்ணாம்பு இருக்கிறதா என்று பார்க்க 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு, இருந்தால் நுரைக்கும். இரும்புக்கறைப் பட்டைகளை மட்டும் அடுக்கு என்று எண்ணிவிடக் கூடாது. அவை பிற்பாடு ஊறிய நீர் விட்டவை, பருக்கை அளவு மாறாமலே பாறையைக் கடந்துபோகும்.

பருக்கை அளவு நீரின் வேகத்தைச் சொல்லும், இடத்தைச் சொல்லாது. ஆற்றின் வெள்ளச் சமவெளியிலும் நீர் தேங்கும், ஆழ்கடலிலும் தேங்கும். இடத்தைக் காட்டிக்கொடுப்பவை உள்வரிகள்.

நீரோட்டம் மணலைத் திட்டாக்கும். திட்டின் ஒரு பக்கம் மென்சரிவு, மறுபக்கம் செங்குத்து. மென்சரிவில் உருண்டேறும் பருக்கைகள் உச்சியில் குவிந்து, சாய்வு 30 பாகையைத் தாண்டும்போது சரிந்து விழுகின்றன. ஒவ்வொரு சரிவும் ஒரு சாய்வரி. திட்டு இப்படியே ஓட்டத்தின் திசையில் நகர, பின்னால் வரும் திட்டு அதன் தலையைச் சீவிவிடும். எஞ்சுவது அடிப்பகுதி மட்டும்: மேலே வெட்டுப்பட்டு, கீழே வளைந்து தரையோடு தழுவும் வரிகள். பாறை பிற்காலத்தில் தலைகீழாகப் புரண்டிருந்தாலும் இந்த வடிவத்தை வைத்து எது மேல் எது கீழ் என்று சொல்லிவிடலாம். சாய்வின் திசை ஓடிய நீரின் திசை. ஒரே முகப்பை அளந்தால் அந்தத் திசை தவறும். கோணம் மாறி வெட்டிய இரண்டு முகப்புகள் வேண்டும். அடுக்குகளே சாய்ந்திருந்தால் அந்தச் சாய்வை முதலில் கழிக்க வேண்டும்.

ஆற்றில் சாய்வரிகள் பெரும்பாலும் ஒரே பக்கம் சாயும், மணல்மேல் மணலாக வரும். ஓதம், அதாவது கடல்மட்டத்தின் அன்றாட ஏற்றஇறக்கம், எட்டும் கழிமுகத்தில் நடப்பது வேறு. ஓதம் ஏறும்போது வலுவான ஓட்டம் ஒரு கற்றை மணலைச் சரிக்கிறது. பிறகு நீர் அசையாமல் நிற்கிறது. அந்த இடைவேளையில் மெல்லிய சேறு மணல்மேல் போர்வையாகப் படிகிறது. வற்றும் ஓட்டம் பலவீனமாக இருந்தால் எதிர்த்திசையில் கொஞ்சம் மணலை மட்டும் இழுக்கும். மறுபடி நீர் நிற்க, மறுபடி ஒரு சேற்றுப் போர்வை. ஆக, 12 மணி 25 நிமிடத்துக்கு ஒரு மணல் கற்றையும் இரண்டு சேற்று வரிகளும். இரட்டை வரி தெளிவாக இருந்தால் அந்த இடம் தாழ் ஓதத்திலும் நீருக்கடியில் இருந்தது என்று கொள்ளலாம். நீர் வடிந்து வெளியே தெரியும் திட்டில், தாழ் ஓத வேளையில் சேறு படிய மேலே தண்ணீரே இருக்காது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. 0.002 மி.மீ. களித்துகள் அசையாத நீரில் ஒரு மீட்டர் இறங்க மூன்று நாளுக்கு மேல் ஆகும். ஓதம் ஓய்ந்து நிற்பதோ ஒரு மணி நேரம்கூட நீடிக்காது. பின் சேறு எப்படிப் படிகிறது? உப்புதான் விடை. களித்துகள்களின் பரப்பில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் நன்னீரில் ஒன்றையொன்று தள்ளும். கடல்நீரின் அயனிகள் அந்த விலக்கத்தைத் தணிக்க, துகள்கள் பஞ்சுப்பொதிபோலத் திரண்டு பல நூறு மடங்கு வேகமாக விழுகின்றன. விழுந்தபின் ஒட்டிக்கொள்கின்றன. மணலைக் கிளப்பும் அதே ஓட்டத்தால் ஒட்டிய சேற்றைப் பெயர்ப்பது கடினம். அதனால்தான் அடுத்த ஓதம் வந்தும் போர்வை அழியாமல் பாறைவரை தங்குகிறது. படிவியலில் இதைவிட அழகான பொறிமுறை எனக்குத் தெரியாது.

இனி கற்றைகளின் தடிமனை வரிசையாக அளக்கலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் பெருகும், கற்றை தடிக்கும். அட்டமியை ஒட்டித் தளரும், கற்றை மெலியும். ஒரு பெருக்கிலிருந்து அடுத்த பெருக்குவரை 14.77 நாள், ஆகவே சுமார் 28 கற்றைகள். நெதர்லாந்தின் ஓஸ்டர்ஸ்கெல்டே கழிமுகப் படிவுகளில் இந்தச் சுழற்சியை விஸ்ஸர் என்ற ஆய்வாளர் 1980இல் காட்டினார். எண்ணும்போது பெரும்பாலும் 28க்குக் குறைவாகவே கிடைக்கும். அட்டமி ஓட்டத்துக்கு மணலை நகர்த்தும் வலு இல்லாத நாட்களில் கற்றையே உண்டாகாது. எண்ணிக்கை குறைந்ததால் “ஓதம் இல்லை” என்று முடிவெடுப்பது தவறு. தடிமன் ஏறி இறங்குகிறதா என்பதே சோதனை.

தென் ஆஸ்திரேலியாவின் எலட்டினா படிவு இதற்குப் பெரிய பாடம். 60 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய மெல்லிய வரிகள் அவை. புவியியலாளர் ஜார்ஜ் வில்லியம்ஸ் முதலில் ஒரு வரியை ஓர் ஆண்டாகக் கொண்டு, தடிமன் ஏற்றஇறக்கத்தில் சூரியப்புள்ளிச் சுழற்சியைக் கண்டார். பிறகு, 1980களின் இறுதியில், அவை ஓத வரிகள் என்று தாமே திருத்தினார். அந்தக் கணக்கில் அக்காலத்து ஆண்டுக்குச் சுமார் 400 நாள், நாளுக்குச் சுமார் 22 மணி நேரம். ஓத உராய்வு பூமியின் சுழற்சியைத் தளர்த்தி நிலாவை விலக்கிக்கொண்டே வருகிறது. இன்று அது ஆண்டுக்கு 3.8 செ.மீ. விலகுவதை லேசர் அளவைகள் காட்டுகின்றன.

இதெல்லாம் தொடர்ச்சியான, சிதையாத முகப்பு இருந்தால்தான் நடக்கும். அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் அத்தகைய முகப்புகளைத் திறந்துவைக்கின்றன. தோண்டி முடித்த குழியில் நீர் நிறைந்தால் அவை மறைந்துவிடும். அம்மோனைட்டைப் பெயர்த்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கச் செலவிடுகிறோம், அது எந்த அடுக்கில் எந்த உயரத்தில் இருந்தது என்று எழுதிவைக்கச் செலவிடுவதில்லை. என் பார்வையில் இரண்டாவதுதான் முதலில் வர வேண்டிய செலவு. ஒவ்வொரு முகப்பையும் மூடுமுன் அளவுகோல் வைத்துப் படமெடுத்து, அடுக்கு வாரியாகக் குறித்து, மீட்டருக்கு ஒரு மாதிரியாவது திசைக்குறியோடு எடுத்து, துளைக்கருக்களோடு (துளையிட்டு எடுத்த உருளைப் பாறைத் துண்டுகளோடு) சேர்த்து மாவட்டத்திலேயே ஒரு கிடங்கில் வைப்பதைச் சுரங்க உரிமத்தின் நிபந்தனையாக்கலாம்.