பழைய ஆலைக் கட்டடத்துக்கு 20 விழுக்காடு வரி வரவு: அமெரிக்கத் திட்டமும் அதன் நிபந்தனைகளும்

அமெரிக்காவில் மூடிக்கிடக்கும் நூற்பாலையையோ புகையிலைக் கிடங்கையோ புதுப்பித்து, வாடகைக் குடியிருப்பாகவோ அலுவலகமாகவோ விடுதியாகவோ மாற்றுகிற உரிமையாளர், தகுதியுள்ள சீரமைப்புச் செலவில் 20 விழுக்காட்டைத் தம் கூட்டாட்சி வருமான வரியிலிருந்து கழித்துக்கொள்ளலாம். இது வருமானத்திலிருந்து கழிக்கப்படும் தொகை அல்ல. கட்ட வேண்டிய வரியிலிருந்தே டாலருக்கு டாலர் குறைகிற வரி வரவு. இத்தகைய சலுகைகள் 1976 வரிச் சட்டத்தில் தொடங்கின. 20 விழுக்காடு என்ற விகிதம் 1986இல் வந்தது. 2017இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு, அந்தத் தொகை 5 ஆண்டுகளில் சம தவணைகளாகக் கிடைக்கிறது.

கட்டடம் வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் தனியாக இடம்பெற்றிருக்க வேண்டும், அல்லது பதிவுபெற்ற வரலாற்று வட்டாரத்தின் தன்மைக்குப் பங்களிப்பதாகச் சான்று பெற வேண்டும். வருமானம் ஈட்டும் பயன்பாட்டுக்கே சலுகை உண்டு; உரிமையாளர் தாமே குடியிருக்கும் வீட்டுக்குக் கிடையாது. செலவுக்கும் ஒரு கீழ்வரம்பு உண்டு. ஓர் ஆலையை 12 லட்சம் டாலருக்கு வாங்கி, அதில் நிலத்தின் மதிப்பு 4 லட்சம் என்று வைத்துக்கொண்டால், கட்டடத்தின் கணக்கு மதிப்பான 8 லட்சத்தைவிடக் கூடுதலாக 24 மாதங்களுக்குள் செலவிட்டிருக்க வேண்டும். முன்கூட்டியே கட்டம் கட்டமாகத் திட்டமிட்ட பணிக்கு 60 மாதங்கள் தரப்படும். தகுதியுள்ள செலவு 50 லட்சம் டாலர் என்றால் வரவு 10 லட்சம், அதாவது ஆண்டுக்கு 2 லட்சம். கட்டடத்தை வாங்கிய விலை, அறைகலன்கள், வாகன நிறுத்துமிடம், புதிதாகச் சேர்த்துக் கட்டிய பகுதி ஆகியவை இந்தக் கணக்கில் சேரா.

கார்பன் குறைப்பு பற்றி இத்திட்டத்தின் விதிகளில் எந்த நிபந்தனையும் இல்லை. மின் சிக்கனத்துக்கென்று கூடுதல் விழுக்காடும் இல்லை. ஆயினும் வெப்பமூட்டும், குளிரூட்டும் அமைப்புகளும் மின் இணைப்புகளும் ஜன்னல்களும் தகுதியுள்ள செலவாகவே எண்ணப்படுவதால், எரிவாயுக் கொதிகலனைக் கழற்றிவிட்டு ஹீட் பம்ப் (வெளியிலுள்ள வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே கடத்தும் கருவி) பொருத்துகிறவருக்கு அதிலும் 20 விழுக்காடு திரும்பக் கிடைக்கிறது. ஏற்கெனவே சுட்டு அடுக்கிய செங்கல்லையும் வார்த்த இரும்புத் தூண்களையும் இடித்துக் கொட்டாமல் விடுவதால், அவற்றைப் புதிதாக உற்பத்தி செய்யத் தேவையின்றித் தவிர்க்கப்படும் கார்பன் உமிழ்வு தனி.

சிக்கல் பெரும்பாலும் ஜன்னலில்தான் வருகிறது. அமெரிக்க உள்துறைச் செயலர் (பொது நிலங்களையும் பூங்காக்களையும் கவனிக்கும் துறையின் அமைச்சர்) வகுத்த, கட்டடத்தின் வரலாற்றுத் தன்மையைக் காக்கும் 10 சீரமைப்பு நெறிகளுக்குப் பணி இணங்க வேண்டும். ஆலைகளின் முகமே வரிசை வரிசையான பெரிய ஜன்னல்கள் என்பதால், சிறு சிறு கண்ணாடிகள் பதித்த எஃகுச் சட்டங்களைக் கழற்றிவிட்டுத் தடித்த அலுமினியச் சட்டம் பொருத்தினால் விண்ணப்பம் மறுக்கப்படலாம். முதலில் பழுதுபார்க்க வேண்டும், இடுக்குகளை அடைக்க வேண்டும், உட்புறம் இன்னொரு கண்ணாடித் தடுப்பைச் சேர்க்க வேண்டும் என்பதே அணுகுமுறை. பழுதுபார்க்க முடியாத அளவுக்குச் சிதைந்ததைக் காட்டிய பிறகே, தோற்றத்தில் ஒத்த மாற்று ஜன்னல் ஏற்கப்படும். செங்கல் சுவருக்கு உட்புறம் வெப்பக்காப்பு ஒட்டுவதிலும் எச்சரிக்கை வேண்டும்: சுவர் முன்னைவிடக் குளிர்ந்து ஈரத்தைத் தேக்கிவைப்பதால், உறைபனிக் காலத்தில் செங்கல் உதிரக்கூடும். கூரைக்குக் காப்பிடுவது அநேகமாக எல்லா இடத்திலும் எளிது, பலனும் அதிகம். தட்டையான கூரையில் தெருவிலிருந்து தெரியாதபடி பின்தள்ளி வைக்கும் சூரிய மின்தகடுகளுக்கு பொதுவாகத் தடையில்லை. இவற்றைப் பற்றி, உள்துறையின் கீழ் இயங்கி இத்திட்டத்தைக் கவனிக்கும் தேசியப் பூங்கா சேவை 2011இல் படங்களுடன் ஒரு வழிகாட்டி வெளியிட்டது.

நெறிகளை மீறாமல் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் ஒரு சான்று இருக்கிறது. ஆம்ஸ்ட்ராங் ரப்பர் நிறுவனத்துக்காக மார்செல் புரோயர் வடிவமைத்த 1970ஆம் ஆண்டுக் கான்கிரீட் கட்டடம், இந்த வரி வரவின் துணையுடன் 2022இல் ஹோட்டல் மார்செல் என்ற விடுதியாகத் திறந்தது. எரிவாயு இணைப்பே இல்லாத அந்த விடுதியில் மூன்றடுக்குக் கண்ணாடி ஜன்னல்கள் உள்ளன; கூரையிலும் வாகன நிறுத்துமிடப் பந்தல்களிலும் சூரியத் தகடுகள் உள்ளன.

விண்ணப்பம் மூன்று பாகங்கள் கொண்டது: கட்டடத்தின் வரலாற்றுத் தகுதி, செய்யவிருக்கும் பணிகளின் விவரம், பணி முடிந்ததற்கான சான்று. மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலகம் முதலில் பார்த்துப் பரிந்துரைக்கும். முடிவு தேசியப் பூங்கா சேவையுடையது. வரிக்கணக்கு உள்நாட்டு வருவாய்த் துறையின் பொறுப்பு. இரண்டாம் பாகத்துக்கு ஒப்புதல் வருமுன் வேலையைத் தொடங்கச் சட்டத் தடை இல்லை என்றாலும், கழற்றி எறிந்த ஜன்னலைத் திரும்பக் கொண்டுவர முடியாது என்பதால் காத்திருப்பதே நல்லது. மறுக்கப்பட்டால் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

பணி முடிந்து பயன்பாட்டுக்கு வந்த முதல் ஆண்டுக்குள் கட்டடத்தை விற்றால் வரவு முழுவதையும் திருப்பிக் கட்ட வேண்டும். திருப்பிக் கட்ட வேண்டிய பங்கு ஆண்டுக்கு 20 விழுக்காடு வீதம் குறைந்து 5 ஆண்டுகளில் தீரும். இதே 5 ஆண்டுகளுக்குள் செய்யும் மாற்றங்களும் நெறிகளுக்கு உட்பட்டவையே. ஆதலால் மூன்றாம் ஆண்டில் சூரியத் தகடு வைக்க நினைக்கிறவரும் முதலில் மாநில அலுவலகத்திடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.