மொபைல் லேர்னிங்: கைபேசிக் கற்றலா, செல்லிடக் கற்றலா?

மொபைல் என்றதும் சட்டைப்பையில் இருக்கும் போன்தான் நினைவுக்கு வரும். அதனால் ‘மொபைல் லேர்னிங்’ என்பதைக் ‘கைபேசிவழிக் கற்றல்’ என்று எழுதிவிடுகிறோம். தப்பில்லை, ஆனால் பொருளில் பாதிதான் வருகிறது.

லத்தீனில் ‘மோபிலிஸ்’ என்றால் நகரக்கூடியது. ‘நிலையில்லாத கூட்டம்’ என்று ஏளனமாகச் சொன்ன லத்தீன் தொடர்தான் சுருங்கி, கும்பலைக் குறிக்கும் ‘மாப்’ என்ற ஆங்கிலச் சொல்லானது. ஆக, நகர்வது கருவியாகவும் இருக்கலாம், ஆளாகவும் இருக்கலாம்.

இங்கிலாந்தில் நகர்ந்தது ஆள்தான். தொழில்வாரித் தொலைபேசிப் புத்தகமான யெல்லோ பேஜஸின் அகரவரிசையைக் கொடுத்தால், பிளம்பர்கள் எந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லத் தெரியாதவர்கள் பெரியவர்களில் ஐந்தில் ஒருவர் என்றது, பெரியவர்களின் எழுத்தறிவும் எண்ணறிவும் பற்றி 1999-இல் வந்த மோசர் அறிக்கை. அப்புறம் 2001 முதல் 2004 வரை, ஐரோப்பிய ஒன்றிய நிதியில் இங்கிலாந்து, இத்தாலி, சுவீடன் ஆகிய நாடுகளில் ‘எம்-லேர்னிங்’ திட்டம் நடந்தது. 16 முதல் 24 வயதுவரை உள்ள, எழுத்தும் கணக்கும் தடுமாறும் இளைஞர்களுக்கானது. வீடற்றவர்களும் அதில் இருந்தார்கள். இன்று விடுதி, நாளை நண்பன் வீட்டு சோபா என்று இருப்பவனை வகுப்புக்கு வா என்றால் எங்கே வருவான்? ‘5 பவுண்டு கொடுத்து 3.65-க்குப் பாலும் ரொட்டியும் வாங்கினால் மீதி எவ்வளவு?’ இப்படி ஒரு கேள்வி போனில் வந்தால், தப்பாகச் சொன்னாலும் பக்கத்தில் சிரிக்க ஆளில்லை.

இப்படிக் கேட்டுத் திறனை அறியும் ‘அசெஸ்மென்ட்’டைத் ‘தேர்வு’ என்றால் பாஸ், பெயில் வாசனை அடிக்கும். ‘அசெஸ்’ என்பதன் லத்தீன் வேருக்குப் ‘பக்கத்தில் உட்கார்தல்’ என்று பொருள். நீதிபதிக்கு அருகே அமர்ந்து உதவியவரிடமிருந்து வந்தது. நமக்கு ‘மதிப்பீடு’ போதும். ‘பேசிக் ஸ்கில்ஸ்’ என்று அங்கே சொல்வது படிப்பது, எழுதுவது, கணக்குப் போடுவது. அதற்கு ‘எண்ணெழுத்துத் திறன்’ என்பது ‘அடிப்படைத் திறன்’ என்பதைவிடத் துல்லியம்.

சரி, மொபைலுக்கு வருவோம். ‘செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான்’ என்ற குறளில் செல்லிடம் என்றால் சினம் பலிக்கும் இடம். ‘செல்லிடப்பேசி’ அதைப் போகிற இடமாக்கியது. போகிற இடத்தில் நடக்கும் கல்வியைச் ‘செல்லிடக் கற்றல்’ என்பதே என் கட்சி. சொல்லும்போது நாக்கு கொஞ்சம் தடுக்கும், ‘கைபேசி’ அளவுக்குப் பழகவுமில்லை. ஆனால் அதே பையன் நாளை விடுதியில் ஒரு டேப்லட்டை வாங்கிப் படித்தாலும் இந்தச் சொல் பொருந்தும்.