வாடிக்கையாளர்: சொல்லும் பொருளும்

கடைக்குள் முதன்முறையாகக் காலடி வைக்கும் ஒருவரையும், மூன்று தலைமுறையாகத் தம் வீட்டுத் திருமணங்களுக்கெல்லாம் ஒரே கடையில் துணி எடுத்துவரும் குடும்பத்தாரையும் இன்று நாம் ஒரே சொல்லால் 'வாடிக்கையாளர்' என்று குறிக்கிறோம். ஆங்கிலத்தில் 'கஸ்டமர்' என்று வரும் இடங்களிலெல்லாம் இச்சொல்லை வைத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. ஈரோட்டில் ஜவுளி விற்பனையில் இருப்பவன் என்ற முறையில், இச்சொல்லை அதன் உண்மையான பொருளில் ஆள்வது மொழிக்கும் தொழிலுக்கும் நல்லது என்று உறுதியாகக் கருதுகிறேன்.

'வாடிக்கை' என்பதற்கு வழக்கம் என்பதே அடிப்படைப் பொருள். தெலுங்கில் 'வாடு' என்னும் வினைக்குப் பயன்படுத்து என்று பொருள். அதிலிருந்து பிறந்த 'வாடுக', 'வாடிக' ஆகியவை பயன்பாட்டையும் வழக்கத்தையும் குறிக்கும். கன்னடத்தில் இது 'வாடிகெ' என வழங்குகிறது. நெசவாளர் குடும்பங்கள் பலவற்றில் இன்றும் கன்னடமோ தெலுங்கோ வீட்டுமொழியாக இருக்கும் கொங்கு நாட்டில் இச்சொல் அயலானதாக ஒலிப்பதே இல்லை. மலர் வாடுவதைச் சொல்லும் தமிழ் 'வாடு' என்பதோடும், குடியிருப்புக்குக் கொடுக்கும் 'வாடகை'யோடும் இதற்கு உறவில்லை. ஒலி ஒத்திருப்பதைக் கொண்டு சிலர் அவ்வாறு பொருத்திக் கூறுவது சரியன்று.

'கஸ்டமர்' என்னும் ஆங்கிலச் சொல்லின் வேரும் வழக்கமே ஆகும். வழக்கத்தைக் குறிக்கும் ஓர் இலத்தீன் சொல் பழைய பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்திற்கு வந்து 'கஸ்டம்' ஆயிற்று. ஒரே கடைக்கு வழக்கமாகச் செல்பவர் 'கஸ்டமர்' எனப்பட்டார். வழக்கமாகச் செலுத்த வேண்டிய வரி என்ற பொருளில்தான் சுங்கத்துக்கும் அம்மொழியில் இதே வேரிலிருந்து பெயர் அமைந்தது. இவ்வாறு தொடர்பற்ற இரு வழிகளில் வந்த சொற்கள் ஒரே கருத்தில் சந்திக்கின்றன. ஒருமுறை வாங்கியவரைக் காட்டிலும் திரும்பத் திரும்ப வருபவரையே இரு மொழியினரும் தனிப்பெயர் இட்டு அழைக்க விரும்பியிருக்கிறார்கள்.

சொல்லின் பின்பகுதியையும் கவனிக்க வேண்டும். 'ஆளர்' என்னும் ஈறு ஒன்றை உடையவரை, அதை ஆள்பவரைக் குறிக்கும். ஆகவே வாடிக்கையாளர் என்றால் வழக்கத்தை உடையவர் என்று பொருள்படும். வழக்கம் வாங்குபவருக்கு உரியது. அதை வைத்துக்கொள்வதும் விட்டுவிடுவதும் அவர் உரிமை. 'எங்கள் வாடிக்கையாளர்' என்று நாம் எவ்வளவு உரிமையோடு சொன்னாலும், அந்த உரிமை அவர் தந்து நாம் பெற்றது என்பதைச் சொல்லே உணர்த்தி நிற்கிறது. விற்பனைக்குப் புதிதாக வரும் இளைஞர்களுக்கு இதைத்தான் நான் முதலில் சொல்ல விரும்புவேன். பேச்சு வழக்கில் இவ்வுறவு இருபுறமும் இயங்குவதையும் காணலாம். கடைக்காரர் 'அவங்க நம்ம வாடிக்கைங்க' என்பார். வாங்குபவரோ 'அந்தக் கடைதானுங்க நமக்கு வாடிக்கை' என்பார். வீடுதோறும் பால் ஊற்றுபவருக்கு 'வாடிக்கை வீடு' உண்டு; அவ்வீட்டாருக்கு அவர் 'வாடிக்கைப் பால்காரர்'. ஆங்கிலச் சொல் வாங்கும் பக்கத்தை மட்டுமே சுட்ட, நம் சொல் இருவரையும் சேர்த்துப் பிணைக்கிறது.

கொங்கு நாட்டு வணிகம் இந்த வேறுபாடுகளைச் சொற்களிலேயே காத்து வந்திருக்கிறது. திருப்பூரில் 'பையர்' என்றால் பின்னலாடைகளை மொத்தமாக வரவழைக்கும் வெளிநாட்டு நிறுவனத்தைக் குறிக்கும். ஈரோட்டில் திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும் ஜவுளிச் சந்தைக்குக் கேரளத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வரும் மொத்த வியாபாரி 'பார்ட்டி' எனப்படுவார். சில்லறைக்கு வந்து ஒரு துண்டு வாங்கிச் செல்பவர் 'கஸ்டமர்'. இவர்களுள் எவரும் மீண்டும் மீண்டும் வந்து, விலையில் நம்பிக்கை கொண்டு, கடனுக்கும் தவணைக்கும் உரியவராகும்போதுதான் 'வாடிக்கை' ஆகிறார். 'கிராக்கி' என்னும் சொல்லும் இங்கு நினைக்கத்தக்கது. கொள்பவர் என்று பொருள்படும் வடசொல்லின் வழியில் வந்த அது, கன்னடத்தில் இன்றும் சரக்கு வாங்க வருபவரைக் குறிக்கும். தமிழிலோ பெரும்பாலும் சரக்குக்கு ஏற்படும் தேவைமிகுதியைக் குறிக்கிறது.

'நுகர்வோர்' என்பதை வாடிக்கையாளருக்கு மாற்றாக எழுதுவோரும் உளர். நுகர்தல் என்பது துய்த்தல், பயன்கொள்ளுதல். 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், அதற்குப் பதிலாக இயற்றப்பட்டு 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டமும் இச்சொல்லுக்குத் தெளிவான எல்லையை வகுத்திருக்கின்றன. மறுவிற்பனைக்காகச் சரக்கு வாங்குபவர் அச்சட்டத்தின்படி நுகர்வோர் ஆகமாட்டார். அதன்படி, சென்னிமலைப் போர்வையையோ பவானி ஜமக்காளத்தையோ ஆண்டுதோறும் கட்டுக்கட்டாக வாங்கி வெளியூரில் விற்பவர் நமக்கு முதன்மையான வாடிக்கையாளர். ஆனால் நுகர்வோர் அல்லர். அவரிடமிருந்து ஒரே ஒரு போர்வையை வாங்கிப் போர்த்திக்கொள்பவர் நுகர்வோர். அவர் மறுபடியும் அக்கடைக்கு வராமலே போகலாம். இரண்டு சொற்களையும் ஒன்றாக்கினால் சட்டமும் குழம்பும், வணிகமும் குழம்பும்.

தூய தமிழில் இதற்கு நேர்ச்சொல் வேண்டுமென்று கேட்பவர்களுக்கு, விலை கொடுத்து வாங்கும் எவரையும் குறிக்கக் 'கொள்வோர்' என்பதையே நான் பரிந்துரைப்பேன். பட்டினப்பாலை வணிகரைப் பற்றிப் பேசுகையில் 'கொள்வதூஉம் மிகைகொளாது கொடுப்பதூஉம் குறைகொடாது' என்கிறது. கொள்வதும் கொடுப்பதுமே வணிகம் என்னும் அந்தப் பார்வை இன்னும் வழக்கிழந்துவிடவில்லை. பாலுக்கும் நெல்லுக்கும் 'கொள்முதல்' என்கிறோம். பணத் தொடர்பைக் 'கொடுக்கல் வாங்கல்' என்கிறோம். இரு குடும்பங்கள் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் உறவைக் 'கொள்வினை கொடுப்பினை' என்கிறோம். சரக்கு கைமாறுவதற்கும் மணவுறவுக்கும் ஒரே வினைகளைத் தமிழர் ஆண்டிருப்பது, வணிகத்தை அவர்கள் எவ்வளவு நெருங்கிய உறவாகக் கருதினார்கள் என்பதைக் காட்டுவதாகவே நான் கொள்கிறேன். எனினும் வழக்கம் என்னும் கருத்து 'கொள்வோர்' என்பதில் இல்லை. ஆகையால் வாடிக்கையாளர் என்பதை நீக்காமல், இரண்டையும் அதனதன் இடத்தில் வைக்க வேண்டும்.

இதனால் விற்பனை பற்றிய பேச்சிலும் தெளிவு பிறக்கும். சந்தைப்படுத்தல் என்று நாம் சொல்வதன் பெரும்பகுதி கொள்வோரைத் தேடுவதாக இருக்கிறது. விளம்பரமும் தள்ளுபடியும் ஒருவரைக் கடைக்கு அழைத்து வரும். அவர் இரண்டாம் முறை வருவதோ துணியின் சாயம் நின்றதா, கிழிசலோடு திரும்பக் கொண்டுவந்தபோது முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார்களா என்பதைப் பொறுத்தது. முதல் வேலைக்கு ஒதுக்கும் பணத்தையும் ஆளையும் இரண்டாவதற்கு ஒதுக்காத நிறுவனங்கள், வருபவர் எல்லாரையும் வாடிக்கையாளர் என்று எழுதிக்கொள்வதாலேயே தம் குறையைக் காணத் தவறுகின்றன என்பது என் எண்ணம்.

'கஸ்டமர் சர்வீஸ்' என்பதற்கு வழங்கும் 'வாடிக்கையாளர் சேவை' பிழையான தொடர் அன்று. ஆயினும் 'கவனிப்பு' என்னும் சொல் மக்கள் நாவில் இன்னும் இயல்பாக நிற்கிறது. விருந்துக்குப் போய்வந்தவரும் கடைக்குப் போய்வந்தவரும் 'நல்லாக் கவனிச்சாங்க' என்றே சொல்கிறார்கள். அதனால் கடைப் பலகையில் 'வாடிக்கையாளர் கவனிப்புப் பிரிவு' என்று எழுதலாம். புதியவருக்கும் பொருந்த வேண்டிய அறிவிப்புகளில் 'கொள்வோர் கவனத்திற்கு' என்றும், பல ஆண்டுகளாகக் கணக்கு வைத்திருப்பவருக்கு எழுதும் மடலில் மட்டும் 'எம் வாடிக்கையாளர் அவர்களுக்கு' என்றும் எழுதுவது பொருத்தமாகும்.