'கறி உணவகம்' என்றால் என்ன கடை?

பெருநகரம் எதிலாவது நல்ல இந்தியச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று தமிழில் தேடிப் பாருங்கள். 'சிறந்த இந்தியக் கறி உணவகங்கள்' என்று ஒரு பட்டியல் வந்து நிற்கும். ஆங்கிலத்தில் 'கர்ரி' உணவகம் என்று இருந்ததை அப்படியே 'கறி' என்று மொழிபெயர்த்த கோலம் அது. போன வாரம் அப்படி ஒன்றில் 'சுத்த சைவக் கறி உணவகம்' என்ற வரியையும் பார்த்துவிட்டேன். இதற்குமேல் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் சொல்லின் கதை, சுருக்கமாக. கறித்தல் என்றால் கடித்துத் தின்னுதல். சங்க இலக்கியத்தில் கறி என்பதற்கு மிளகு என்றும் பொருள். பட்டினப்பாலையில் வரும் 'கருங்கறி மூடை' மிளகு மூட்டைதான். யவனர் கலம் 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' என்று அகநானூறு சொல்வதும் முசிறியிலிருந்து போன மிளகைத்தான். காய்கறியில் ஒட்டிக்கொண்டிருக்கும் கறி வேறு, கறிக்கடையில் தொங்கும் கறி வேறு. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி இந்த எல்லாப் பொருளையும் தருகிறது. போர்ச்சுக்கீசியர் இதைக் 'காரில்' ஆக்கினார்கள், ஆங்கிலேயர் 'கர்ரி' ஆக்கினார்கள். 1747இல் ஹன்னா கிளாஸ் என்ற பெண்மணி தன் சமையல் நூலில் 'இந்திய முறைக் கர்ரி' என்று ஒரு குறிப்பு எழுதினார். அதில் போட்ட மசாலா மிளகும் கொத்தமல்லி விதையும். மிளகு! அதுவரை சரி.

இப்போது சண்டைக்கு வருகிறேன். 'கர்ரி நம்ம கறியிலிருந்து போனதுதானே, திரும்பக் கறி என்றே போட்டால் என்ன தப்பு' என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் தமிழ்ப் பற்றாளர்கள், அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சல். ஊரை விட்டுப் போன சொல் போன மாதிரியேவா திரும்பி வருகிறது? ஆங்கிலத்தில் கர்ரி என்றால் மசாலா போட்டுக் கொதித்த குழைவான எந்தப் பதார்த்தமும். 'இன்னைக்குக் கர்ரி சாப்பிடலாம்' என்று ஒரு ஆங்கிலேயர் சொன்னால் அதில் நான் ரொட்டியும் அடக்கம், பிரியாணியும் அடக்கம், தந்தூரி அடுப்பில் சுட்டதும் அடக்கம். அதாவது அவருக்கு அது ஓர் உணவின் பெயர் கூட இல்லை, ஒரு நாட்டுச் சமையல் மொத்தத்துக்கும் வைத்த செல்லப்பெயர். தமிழ்நாட்டில் கறி என்றால் என்ன? 'கறி எடுத்தாச்சா' என்று கேட்டால் வெண்டைக்காயையா கேட்கிறார்கள்? பச்சையாகச் சொன்னால் இறைச்சி, அவ்வளவுதான். அப்புறம் 'சைவக் கறி உணவகம்' என்று படிக்கிறவர் என்ன செய்வார்? சைவர் பயந்து ஓடுவார், கறி தின்ன ஆசைப்பட்டு உள்ளே போனவருக்குப் பன்னீர் வரும். இரண்டு பேருக்கும் உதவாத மொழிபெயர்ப்பு இது.

எதிர்வாதம் ஒன்று நியாயமானது, அதை மறைக்கக் கூடாது. தமிழ்நாட்டிலேயே சில வீடுகளில் வாழைக்காயை வதக்கினால் அது கறிதான், வைணவ வீடுகளில் கறியமுது. ஈழத்தில் பருப்புக்கறி, கத்தரிக்காய்க் கறி, மீன்கறி என்று எல்லாமே கறி, காய்கறிக்கே மரக்கறி என்று பெயர். ஈழத்து நண்பர்கள் இதைப் படித்துவிட்டு 'உங்களுக்குத்தான் தமிழ் மறந்துபோச்சு' என்று சிரிக்கலாம், சிரிக்க உரிமையும் உண்டு. ஆனால் அவர்களும் சாப்பாட்டுக்கடை, சைவக்கடை என்றுதான் சொல்கிறார்கள். கறி என்பது சோற்றோடும் பிட்டோடும் வருவது, கடைக்கு வைக்கிற பெயர் அல்ல.

சரி, கறி வேண்டாம் என்றால் 'குழம்பகம்' என்று வைக்கலாம் என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். குழம்பிப் போனவர்கள் கூடும் இடம் போல இருக்கிறது என்றேன், அவருக்குக் கோபம். விளையாட்டு இல்லை, குழம்பு என்பது சோற்றில் ஊற்றிப் பிசைவது. குருமாவும் கூட்டும் பிரட்டலும் அதில் எப்படி அடங்கும்? இன்னும் சிலர் றகரத்தை விட்டுவிட்டுக் 'கரி உணவகம்' என்று எழுதுகிறார்கள். கரி என்றால் அடுப்புக்கரி, அல்லது யானை. இரண்டில் எது பரிமாறப்படும் என்று போய்த்தான் பார்க்க வேண்டும்.

என் முடிவு எளிது. 'இந்திய உணவகம்'. போதும். இந்தியா என்ற சொல் முன்னாலேயே இருக்கும்போது கர்ரி என்பது அங்கே புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. லண்டனில் 1810இல் சேக் தீன் முகமது திறந்த கடைக்குப் பெயர் ஹிந்துஸ்தானி காபி ஹவுஸ், 1926இல் அங்கே திறந்த இன்னொரு கடைக்குப் பெயர் வீராசாமி. கடை வைத்தவர்கள் பலகையில் எழுதாததை மொழிபெயர்ப்பாளர் ஏன் எழுத வேண்டும்?

இது வெறும் சொல் சண்டை என்று நினைக்காதீர்கள். தெரியாத நகரத்தில் நல்ல கடை தேடும்போது இதே சொல்தான் எனக்கு அளவுகோல். பிரிட்டன் பாணிக் கடைகளில் வெங்காயத்தை வேகவைத்து அரைத்த ஒரே குழைவை அண்டாவில் செய்துவைத்து, காரம் குறைத்தால் கோர்மா, ஏற்றினால் மெட்ராஸ், இன்னும் ஏற்றினால் விண்டலூ என்று கொடுப்பது வழக்கம். மெட்ராஸ் என்று ஒரு பதார்த்தத்தை மெட்ராஸில் யாரும் சாப்பிட்டதில்லை. கடையின் உணவுப் பட்டியல் முழுக்க 'சிக்கன் கர்ரி, ஆட்டுக் கர்ரி, காய் கர்ரி' என்று ஓடினால் நான் அடுத்த கடைக்கு நடந்துவிடுவேன். செட்டிநாடு, ரோகன் ஜோஷ், அவியல் என்று பதார்த்தத்தின் சொந்தப் பெயரையும் அதன் ஊரையும் சொல்கிற பட்டியல் என்றால் உட்காரலாம். அதிலும் எழுபது பதார்த்தம் இருந்தால் கொஞ்சம் யோசிப்பேன், ஒரு சமையலறையில் எழுபது எங்கே தனித்தனியாகக் கொதிக்கும்?

மொழிபெயர்ப்பாளர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன், சொல்லை மாற்றும் முன் அந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். தாய்லாந்துக் 'கிரீன் கர்ரி'யைப் 'பச்சைக் கறி' என்று போட்டிருந்ததைப் பார்த்தபோது, வேகாத இறைச்சியை அந்த ஊரில் அப்படியே தருகிறார்களோ என்று என் அம்மா கேட்டார்.