பயம் சரிதான், பார்க்கும் இடம்தான் தவறு

எங்காவது பாலம் இடிந்து உயிர்ச்சேதம் என்று செய்தி வந்தால், மறுநாள் காலையிலிருந்து என் போன் ஓயாது. பாலங்களைச் சோதிப்பதுதான் என் வேலை என்று தெரிந்தவர்கள் எல்லோரும் கூப்பிடுவார்கள். “நாங்க தினமும் போற பாலம் லாரி போனா ஆடுது சார், விழுந்துடுமா?” பிள்ளையின் பள்ளி வேனைச் சுற்றுவழியில் போகச் சொல்லிவிட்டு ஒரு தாய் கேட்ட கேள்வி இது.

இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்வதே இல்லை. ஆனால் கனமான வண்டி ஏறினால் பாலம் கொஞ்சம் வளைந்து நிமிரத்தான் செய்யும், அதற்குக் கணக்குப் போட்டுத்தான் கட்டுகிறோம். தளங்களுக்கு நடுவே தெரியும் இடைவெளியும் விரிசல் அல்ல. 100 மீட்டர் எஃகுத் தளம் 30 டிகிரி சூடேறினால் மூன்றரை சென்டிமீட்டர் நீளும், அதற்கு விட்ட இடம் அது. முன்பு இல்லாத ஆட்டம் புதிதாக வந்தாலோ, கைப்பிடிச் சுவர் ஓரிடத்தில் தாழ்ந்து தெரிந்தாலோதான் கவலைப்பட வேண்டும்.

2007 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸில் மிசிசிப்பி ஆற்றுப் பாலம் விழுந்து 13 பேர் இறந்தார்கள். ‘கட்டமைப்புக் குறைபாடு உள்ளவை’ என்று அந்நாட்டில் 70,000க்கும் மேற்பட்ட பாலங்கள் பட்டியலில் இருப்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. நாளைக்கே விழுந்துவிடும் என்று அர்த்தம் எடுத்துக்கொண்டு மக்கள் பதறினார்கள். முக்கியப் பாகம் ஒன்று பழுதாகிக் கவனிக்க வேண்டிய நிலையில் இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். அந்தப் பாலத்தை வீழ்த்தியதோ வடிவமைப்பிலேயே நடந்த பிழை. எஃகுச் சட்டங்களை இணைத்த தகடுகள் தேவையான தடிமனில் பாதிதான் இருந்தன. அதன் மேல், அன்று பழுதுபார்ப்பதற்காகச் சுமார் 260 டன் பொருள்களும் இயந்திரங்களும் தளத்தில் ஏற்றி வைக்கப்பட்டிருந்தன. பாலத்து முகப்பில் இருக்கும் எடை வரம்புப் பலகையைத் தயவுசெய்து அலட்சியப்படுத்தாதீர்கள்.

போன மாதம் ஒரு பாலத்துக்குக் கீழே நின்றிருந்தேன். மேலே புதுத் தார், பார்க்க அழகு. வடிகுழாயை ஒரு பிளாஸ்டிக் பை அடைத்திருந்தது. வெளியேற வழியில்லாத தண்ணீர் இணைப்பு வழியாகக் கசிந்து, தூண் தலையில் துருநிறக் கோடாக இறங்கியிருந்தது. சுத்தியலால் தட்டினேன். நல்ல கான்கிரீட் கணீரென்று கேட்கும், இது ‘பொத்’ என்றது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது. உள்ளே கம்பி, நகத்தால் சுரண்டினாலே உதிர்ந்தது. அங்கே மீன் பிடித்துக்கொண்டிருந்த பெரியவர், “ரெண்டு வருஷமா இப்படித்தான் சொட்டுது தம்பி, யார்கிட்ட சொல்றது?” என்றார்.

அவர் கேட்டது நியாயம். சரி, உங்களால் முடிந்தது இது: துருக்கோடு, பெயர்ந்த கான்கிரீட், அடைத்த வடிகுழாய், எது தெரிந்தாலும் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, பாலத்தைப் பராமரிக்கும் துறைக்கு எழுத்தில் அனுப்புங்கள். கடைசியாக எப்போது சோதித்தீர்கள் என்றும் கேளுங்கள். அப்புறம், இடியும் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்க்காதீர்கள். வாரக்கணக்கில் பாலம் ஏறவே முடியவில்லை என்றால் மனநல ஆலோசகரைப் பாருங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெள்ளம் வடிந்தபின் தூணின் அடியையும் கவனிக்க வேண்டும். 1987இல் நியூயார்க் மாநிலத்தின் ஸ்கோஹாரி ஓடைப் பாலம் விழுந்து 10 பேர் இறந்தது, அடித்தளத்து மண்ணை வெள்ளம் அரித்ததால்தான். இதை அந்தப் பெரியவரிடமும் சொல்லி, என் எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தேன். போன வாரம் ஆற்றில் வெள்ளம் வடிந்ததும் ஒரு படம் அனுப்பினார். இரண்டாவது தூணுக்குக் கீழே, எப்போதும் மண்ணுக்குள் இருக்கும் அடித்தள விளிம்பு வெளியே தெரிந்தது. அன்று மதியமே பாலத்தை மூடச் சொல்லி எழுதிவிட்டேன்.