கணிமையா, கணிப்பா?

இருட்டில் போனை நீட்டிப் பட்டனை அழுத்துகிறீர்கள். அசையாமல் பிடிக்கச் சொல்கிறது திரை. இரண்டு மூன்று நொடி கழித்து வரும் படத்தில், கண்ணுக்கே சரியாகத் தெரியாத சுவரின் நிறம் பளிச்சென்று தெரிகிறது. அந்த நொடிகளில் போன் எடுத்தது ஒரு படம் அல்ல, பல படங்கள். கை நடுக்கத்தில் இம்மி இம்மியாக விலகியிருக்கும் அவற்றை நேராக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுக்கிறது. இரைச்சல் எனப்படும் புள்ளிகள் ஒவ்வொரு படத்திலும் வெவ்வேறு இடத்தில் விழுவதால் சராசரியில் அடங்கிப்போகின்றன. சுவர் எல்லாப் படத்திலும் அதே இடத்தில் இருப்பதால் தங்கிவிடுகிறது. 16 படங்களை அடுக்கினால் இரைச்சல் ஏறக்குறைய நாலில் ஒன்றாகக் குறையும். இந்த வேலைக்குத்தான் கம்ப்யூட்டேஷனல் போட்டோகிராபி என்று பெயர்.

'போட்டோ' என்றால் கிரேக்கத்தில் ஒளி. 'கிராபி' என்றால் எழுதுதல், வரைதல். 1839ல் வானியலாளர் ஜான் ஹெர்ஷல் பயன்படுத்திய பிறகு இந்தச் சொல் பரவியது. 'கம்ப்யூட்' லத்தீனிலிருந்து வந்தது. வேர்ப்பொருள் சேர்த்து எண்ணுதல். அடுக்கிக் கூட்டும் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்காது.

சரி, தமிழில்? புகைப்படக்கலை என்பது வழக்கு (இதில் புகை எங்கே என்று கேட்காதீர்கள்). ஒளிப்படக்கலை நேரான சொல். சிக்கல் முன்பாதியில்தான். 'கணினி ஒளிப்படக்கலை' என்றால் எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் திருத்துவது போலாகிவிடும். 'கணக்கீட்டு' சரிதான், ஆனால் ஆடிட்டர் வாசனை அடிக்கிறது. கம்ப்யூட்டிங்குக்கு 'கணிமை' ஏற்கெனவே புழங்குகிறது. என் ஓட்டு கணிமை ஒளிப்படக்கலைக்கு.

'கணிப்பு' என்று வைத்தால் என்ன? அங்கேதான் சுவாரசியம். கிரகணம் வரும் நேரத்தைக் கணிப்பது கணக்கு. தேர்தல் முடிவைக் கணிப்பது ஊகம். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். போன்கள் இப்போது இரண்டையும் செய்கின்றன. 2023ல் ஒருவர் நிலாப் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கி, கணினித் திரையில் வைத்து, சாம்சங் போனால் எடுத்தார். மங்கல் படத்தில் இல்லாத பள்ளங்களும் மேடுகளும் போன் எடுத்த படத்தில் இருந்தன. நிலா எப்படி இருக்கும் என்று கற்றுவைத்ததைக் கொண்டு போனே நிரப்பியிருந்தது.

ஒட்டுவேலை புதிதல்ல. 1850களில் பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே, கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து ஒரே தாளில் அச்சிட்டார். ஆனால் அவர் ஒட்டிய இரண்டும் லென்ஸ் வழியே வந்தவை. இனி வரும் படங்களில் எந்தப் புள்ளி லென்ஸ் வழியே வந்தது, எது ஊகத்தில் வந்தது என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கஷ்டம். அதனால் நான் எழுதும்போது, வந்த ஒளியை அடுக்கிக் கூட்டினால் கணிமை என்றும், வராததை நிரப்பினால் கணிப்பு என்றும் பிரித்துக்கொள்கிறேன்.