ஸ்பீக்கர் கிழிந்த சத்தம்

"டேய், ஸ்பீக்கர் கிழிஞ்சிருச்சு போல. நிப்பாட்டு!"

கோலாலம்பூர், செந்தூல் வீட்டுச் சமையற்கட்டிலிருந்து அக்கா கத்துகிறார். கூடத்தில் அவர் மகன் கராஜ் ராக் என்னும் கரடுமுரடான கித்தார் இசை ஆல்பம் ஒன்றை ஓடவிட்டு, தன் கித்தாரையும் அதன் ஒலியைப் பெருக்கும் சின்ன ஆம்ப்பில் செருகி, குமிழைக் கடைசிவரை திருகி வைத்திருக்கிறான்.

அக்கா சொன்னது அவ்வளவு தப்பில்லை. லண்டனில் கிங்க்ஸ் ராக் குழுவின் கித்தார்காரர் டேவ் டேவிஸ், தன் சின்ன ஆம்ப்பின் ஸ்பீக்கர் கூம்பைச் சவர பிளேடால் கீறியே விட்டார். 1964இல், 17 வயதில், அந்தக் கிழிசல் சத்தத்தோடுதான் பாட்டைப் பதிவு செய்தார்.

பிளேடு இல்லாமலும் சத்தத்தைக் கிழிக்கலாம். எந்த ஆம்ப்பும் ஓரளவுக்கு மேல் மின்னழுத்தம் தராது. தாழ்ந்த கூரைக்குள் நெட்டையன் நுழைந்த கதைதான்: அலை நிமிரப் பார்க்கும், தலை இடிக்கும், உச்சி மட்டமாகிவிடும். விநாடிக்கு 110 முறை அதிரும் ஒரு சுத்தமான அலையை மேலும் கீழும் சமமாக இப்படி வெட்டினால், 330, 550, 770 என்று ஒற்றைப்படை மடங்குகள் புதிதாக முளைக்கின்றன. யாரும் மீட்டாத சுரங்கள்!

இரண்டு சுரங்களைச் சேர்த்து அடித்தால் இன்னும் வேடிக்கை. கராஜ் ராக்கில் அடிக்கடி கேட்பது ஒரு சுரமும் அதன் பஞ்சமமும், அதாவது நம்ம ச-ப. 110ம் 165ம். வெட்டுப்பட்ட ஆம்ப்புக்குள் இரண்டும் கலக்கும்போது அவற்றின் வித்தியாசமான 55ம் பிறக்கிறது. கித்தாரின் அடித்தந்தியே 82தான். ஆக, வாத்தியத்தில் இல்லாத ஒரு தந்தி கீழே நின்று உறுமுகிறது. ஆசைப்பட்டு நடுவில் காந்தாரத்தையும் சேர்த்தால் வித்தியாசங்கள் ஒன்றோடொன்று உரசி எல்லாம் கஞ்சியாகிவிடும். இந்தப் பையன்கள் ரெண்டே விரலில் வாசிப்பதைச் சோம்பேறித்தனம் என்று நானும் நெடுநாள் நினைத்திருந்தேன்.

சரி, இது ஏன் நம்மை உசுப்புகிறது? மனித அலறலை ஆராய்ந்து 2015இல் ஒரு கட்டுரை வந்தது. அலறலில் ஒலியின் பலம் விநாடிக்கு 30 முதல் 150 முறை வரை படபடவென ஏறி இறங்குகிறது. சாதாரணப் பேச்சில் அந்த வேகம் வெகு குறைவு. இந்தக் கரகரப்பு, மூளையில் அபாயத்தைக் கவனிக்கும் அமிக்டலாவைத் தட்டி எழுப்புகிறது. மேலே சொன்ன 55 அந்த எல்லைக்குள்தான் விழுகிறது. அடிக்க யாரும் வரவில்லை என்று நமக்குத் தெரியும். அதனால்தான் அந்தப் பதற்றம் குஷியாகிவிடுகிறது என்பது என் ஊகம்.

வெள்ளைக்காரன் சமாசாரம் என்று இதை ஒதுக்கவும் முடியாது. 1960களில் இந்த ஊர்க் கித்தார் குழுக்களுக்குக் 'குகிரான்' என்று பெயர். மலாயில் கும்புலான் கித்தார் ரஞ்சாக், துள்ளலான கித்தார் குழு, என்பதன் சுருக்கம்.

அக்கா மகன் தைப்பூசத்துக்குப் பத்துமலையில் உறுமி வாசிப்பவனும்கூட. வளைந்த குச்சி தோலில் ஒட்டும், வழுக்கும், மறுபடி ஒட்டும். அதுதான் அந்த உறுமல். அதிலும் சுத்தமான சுரம் கிடையாது, கரகரப்புதான். அங்கே கூட்டத்தில் அக்கா கண்மூடி ஆடுவார்.

"ரெண்டும் ஒண்ணுதான்கா" என்றேன்.

கரண்டியோடு எட்டிப் பார்த்தார். "அது சாமிக்கு. இதை முதல்ல கொறைக்கச் சொல்லு."